எத்தனாவது மேளம் என்ற கேள்வியும் ஹெரால்டு பவர்ஸும்

கர்நாடக சங்கீதம் பாடிய அமெரிக்கர் ஜான் ஹிகின்ஸை நம் கச்சேரி உலகத்துக்கு நன்றாகத் தெரியும். பாகவதர் என்று பட்டமே கட்டிவிட்டோம். அவருடைய பதிவுகள் இன்றைக்கும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. 1984 டிசம்பரில் சாலை விபத்தில் அவர் போனதைப் பற்றி இன்னமும் வருத்தத்தோடு பேசுகிறோம். ஆனால் ஹிகின்ஸ் மெட்ராஸுக்கு வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னால், 1952-ல், அவரைப் போலவே ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க உதவித்தொகையில் வந்திறங்கிய இசை ஆய்வாளர் ஹெரால்டு பவர்ஸின் பெயரைச் சொன்னால், ராகலட்சணத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட ‘யார் அவர்?’ என்றுதான் கேட்கிறார்கள். காரணம் எளிது. ஹிகின்ஸ் மேடையில் உட்கார்ந்து பாடினார். பவர்ஸ் எழுதினார், அதுவும் ஆய்விதழ்களில், அடிக்குறிப்பு கனக்கக் கனக்க எழுதினார். போதாக்குறைக்கு, மெட்ராஸில் தொடங்கியவர் பிற்பாடு பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசைக்கும் இத்தாலிய ஆப்பெரா என்ற இசைநாடகத்துக்கும் போய்விட்டார். நம்மை விட்டுப் போய்விட்டார் என்றே தோன்றும். போகவில்லை என்பதுதான் என் கட்சி.

அவரைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்க வைத்தது நம்மிடையே புழங்கும் ஒரு கேள்வி. ஒரு ராகத்தின் பெயரைச் சொன்னதும் அடுத்து வருவது, ‘எத்தனாவது மேளம்?’ மேளம் என்றால், ராகங்களை அடுக்கி வைக்கும் 72 தாய் ஸ்வர வரிசைகளில் ஒன்று. சஹானா 28. ஆனந்தபைரவி 20. ரீதிகௌளை 22. பதில் வந்ததும் கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் நிம்மதி. ஆனால் 20-ஆவது மேளமான நடபைரவிக்கு சுத்த தைவதம், அதாவது தாழ்ந்த ‘த’. ஆனந்தபைரவியில் நம் காதில் பெரும்பாலும் விழுவதோ சதுஸ்ருதி தைவதம், அதாவது உயர்ந்த ‘த’. அதனால் அந்தத் தைவதம் உள்ள 22-ல் அதை வைப்பவர்களும் உண்டு. ரீதிகௌளையை 1904-ல் அச்சான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுப்பராம தீட்சிதர் 20-ல் வைத்தார். இன்றைய பாடப்புத்தகம் 22 என்கிறது. எண் மாறியதால் ஒருவரும் ராகத்தை அடையாளம் தெரியாமல் திண்டாடவில்லை. அப்படியானால் இந்த எண் ராகத்தைப் பற்றி என்னதான் சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை என்று தள்ளவும் மனம் வரவில்லை; முழுசும் சொல்லிவிடுகிறது என்று ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று நாற்பது ஆண்டுக்கு மேல் யோசித்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, பவர்ஸ்தான்.

இரண்டு துறைக்கு நடுவில் ஒரு நாற்காலி

வரலாற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1928-ல் நியூயார்க்கில் பிறந்தவர். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பியானோ படித்து 1950-ல் பட்டம் வாங்கினார். 1952-ல் பிரின்ஸ்டனில் முதுகலை. அங்கிருந்து நேரே இரண்டு ஆண்டு இந்தியா. திரும்பிப் போய், ‘தென்னிந்திய ராக முறையின் பின்னணி’ என்ற தலைப்பில் ஆய்வேடு எழுதி 1959-ல் முனைவர் பட்டம். சிறிது காலம் ஹார்வர்டு. 1961 முதல் 1973 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழகம். அதன் பிறகு பிரின்ஸ்டன். 2007 மார்ச்சில் மறைந்தார்.

இந்தத் தேதிகளுக்குள் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. முதலாவது, அவர் தொழிலுக்குள் நுழைந்த சமயத்தில்தான் அமெரிக்காவில் இசை ஆய்வு இரண்டு வீடாகப் பிரிந்தது. ஐரோப்பியச் செவ்விசையின் ஏடுகளைப் படிப்பவர்கள் ஒரு வீடு. 1955-ல் சங்கம் அமைத்துக்கொண்டு உலகின் மற்ற இசைகளைப் படிக்கப் போனவர்கள் இன்னொரு வீடு. இரண்டாம் வீட்டில் கலிஃபோர்னியாவின் மேன்டில் ஹுட், ஆராய்கிற இசையை வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று 1960-ல் வாதாடினார். ஹிகின்ஸ் போன்றவர்களின் வழி அந்தப் பக்கத்து வழி. பவர்ஸ் எந்த வீட்டிலும் நிரந்தரமாகக் குடியேறவில்லை. இரண்டு வீட்டு இதழ்களிலும் எழுதினார், இரண்டு வீட்டாரோடும் சண்டை போட்டார். இரண்டாவது, பென்சில்வேனியா. அமெரிக்காவின் முதல் தெற்காசியவியல் துறையை நார்மன் பிரவுன் 1948-ல் தொடங்கியது அங்கேதான். சமஸ்கிருதம், திராவிட மொழிகள், வரலாறு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்க, இசைத்துறையில் இருந்துகொண்டு ராகமும் ஆப்பெராவும் சேர்த்துப் படிக்க அப்படி ஓர் இடம் அந்த நாளில் வேறெங்கும் எளிதாகக் கிடைத்திராது.

அவர் பெயர் போட்ட தனி நூலைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஆய்வேடு நூலாக வெளிவரவில்லை. வேலையெல்லாம் கட்டுரைகளில் கிடக்கிறது. 1958-ல் ‘மோடும் ராகமும்’ (மோட் என்பது ஐரோப்பியர் மெட்டுகளை வகைபிரிக்கும் பெயர்; விவரம் பிறகு). 1961, 62-ல், ஒரே ஆப்பெராக் கதையை 1650-களில் வெனிஸில் கவல்லியும், 1694-ல் ரோமில் பொனொன்சினியும், 1738-ல் லண்டனில் ஹேண்டலும் அமைத்ததை அருகருகே வைத்து, ஹேண்டல் எவ்வளவை பொனொன்சினியிடமிருந்து எடுத்தார் என்று காட்டும் இரண்டு பகுதிக் கட்டுரை. 1970-ல் ராக வகைப்பாடுகளின் வரலாறு. அப்புறம் 1980, 81. இருபது ஆண்டாகச் சேர்த்தது அந்த இரண்டு வருஷத்தில் மடை திறந்த மாதிரி வந்தது: புதிய க்ரோவ் இசைக் கலைக்களஞ்சியத்தின் பன்னிரண்டாம் தொகுதியில் 75 பக்கம் ஓடும் ‘மோட்’ பதிவு, இனவிசையியல் இதழில் மொழியையும் இசையையும் ஒப்பிடுவது பற்றி 60 பக்கம், அமெரிக்க இசையியல் சங்க இதழில் மறுமலர்ச்சிக்கால இசையின் மோட்கள் பற்றி 43 பக்கம். ஒன்றை ராகக் கட்டுரை என்றும் இன்னொன்றை ஐரோப்பியக் கட்டுரை என்றும் பிரித்து வைத்துப் படித்தால் பாதிதான் புரியும்.

ஆரபியும் தேவகாந்தாரியும்

மோட் என்றால் என்ன? டி-யில் தொடங்கினால் டோரியன், ஈ-யில் தொடங்கினால் ஃபிரிஜியன் என்று பியானோவின் வெள்ளைக் கட்டைகளைக் காட்டிச் சொல்லித்தருவது வழக்கம். அதைக் கேட்டதும் நம்மவர்கள், ‘அட, இது ஆதார ஸ்வரத்தை இடம் மாற்றும் நம் கிரக பேதம், டோரியன் கரகரப்பிரியா, ஃபிரிஜியன் தோடி’ என்று கணக்கைத் தீர்த்துவிடுவார்கள். பவர்ஸ் கலைக்களஞ்சியத்தில் செய்த முதல் காரியம் இந்த அவசரக் கணக்கை நிறுத்தியது. அவர் ஒரு கோடு போட்டுக் காட்டுகிறார். ஒரு நுனியில் வெறும் ஸ்வர வரிசை. மறுநுனியில் முழுசாக அமைந்துவிட்ட மெட்டு. மோட் என்று உலகம் அழைக்கிற எல்லாமே இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கின்றன: வெறும் வரிசையைவிடக் குணம் கூடியவை, மெட்டைவிடக் கட்டு தளர்ந்தவை. சில மரபுகளில் அது வரிசைப் பக்கம் சாய்ந்து நிற்கும், சிலவற்றில் மெட்டுப் பக்கம்.

அவருடைய இந்தக் கோட்டை நம் கையால் தொட்டுப் பார்க்க ஆரபியும் தேவகாந்தாரியும் போதும். இரண்டும் 29-ஆவது மேளத்தின் ஜன்யம், அதாவது அதிலிருந்து வருவதாகச் சொல்லப்படும் ராகங்கள். இரண்டுக்கும் ஆரோகணம் ஸ ரி ம ப த ஸ. அவரோகணம் ஸ நி த ப ம க ரி ஸ. காகிதத்தில் ஓர் எழுத்து வித்தியாசமில்லை. ஆனாலும் ஒரு வரி பாடுவதற்குள் சபையில் எல்லோருக்கும் எது எதுவென்று தெரிந்துவிடும். ஆரபியில் ஸ்வரங்கள் பெரும்பாலும் அசையாமல், விறுவிறுவென்று போகும். காந்தாரமும் நிஷாதமும் நிற்காமல், மத்யமத்தையும் ஷட்ஜத்தையும் உரசியபடி கடந்துவிடும். தேவகாந்தாரியில் நடை தளரும். ரிஷபம் நீண்டு அசையும். காந்தாரத்துக்கு இழுவை கிடைக்கும். மேள எண்ணும் ஆரோகண அவரோகணமும் கோட்டின் இடது நுனி. காதுக்குள் நடப்பது நடுப்பகுதி. இடது நுனியை எவ்வளவு துல்லியமாக எழுதினாலும் நடுப்பகுதி அதற்குள் அடங்காது. தர்பாரையும் நாயகியையும் பிரிக்கத் தவித்த எந்த மாணவரைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

இது நமக்குத் தெரிந்ததுதானே என்று கேட்கலாம். தெரிந்ததுதான். ஆனால் தெரிந்ததை ஒரு கருவியாக ஆக்கி, ‘உங்கள் மோட் இந்தக் கோட்டில் எங்கே நிற்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்’ என்று ஐரோப்பிய வரலாற்றாசிரியர்களைப் பார்த்துக் கேட்டவர் பவர்ஸ்.

பெட்டி பிறகுதான் வந்தது

கேட்டதும் ஐரோப்பியக் கதை வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. தேவாலயப் பாட்டின் எட்டு மோட்கள் அந்தப் பாட்டுக்குள்ளிருந்து முளைத்தவை அல்ல. பைசாந்தியத் திருச்சபையில் எட்டு என்ற கணக்கு இருந்தது. 800-ஐ ஒட்டிய காலத்தில் கரோலிங்கியத் துறவிகள் அந்த எட்டை வாங்கி, ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த பாட்டுகளை அதில் வரிசைப்படுத்தினார்கள். பல பாட்டுகள் ஒழுங்காக உட்கார்ந்தன. சில உட்கார மறுத்தன. மறுத்தவற்றுக்கு ஏட்டுக்கு ஏடு வேறு வேறு எண்.

நம் பக்கம் திரும்பினால் அதே காட்சி. 1550-ல் விஜயநகரத்து ராமாமாத்யர் இருபது மேளம் சொன்னார். அடுத்த நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி, வரிசையின் கீழ்ப்பாதியான பூர்வாங்கத்தில் ஆறு, மேல்பாதியான உத்தராங்கத்தில் ஆறு, மத்யமம் இரண்டு என்று பெருக்கி 72 கொண்டுவந்தார்; ஆனால் தன் காலத்தில் புழக்கத்தில் இருப்பவை 19 என்று அவரே எழுதினார். ராகம் முதலில் இருந்தது, பெட்டி பிறகு வந்தது. பெட்டிகளில் பெரும்பாலானவை காலி. இந்த முன்பின்னை மறந்துவிட்டு, மேளத்திலிருந்து ராகம் ‘பிறந்தது’ என்று ஜனக, ஜன்ய (தாய், பிள்ளை) உறவு கொண்டாடுவதுதான் குழப்பத்தின் வேர். பைரவி நடபைரவிக்குப் பிறந்த பிள்ளை என்கிறோம். உண்மையில் பிள்ளைதான் பல நூற்றாண்டு மூத்தது.

1981: மூன்று அடையாளம்

பவர்ஸின் வாழ்க்கையில் ஒரே ஒரு கட்டுரையைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் 1981-ஐ வைத்துக்கொள்வேன். கேள்வி இது: பதினாறாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களான பலஸ்த்ரீனா, லாஸோ காலத்துப் பலகுரல் இசையில் மோட் இருந்ததா? நான்கு, ஐந்து குரல்கள் ஒரே நேரத்தில் வேறு வேறு எல்லையில் போகின்றன. ஒற்றைக் குரல் பாட்டுக்கென்று வந்த எட்டு மோட்களை இதற்குள் எப்படிப் பொருத்துவது? ஜெர்மானிய அறிஞர் பெர்ன்ஹார்டு மையர் 1974-ல் ஒரு பெரிய நூலில், மோட் அந்த இசையமைப்பாளர்களின் கைக்குள்ளேயே இருந்த உயிருள்ள விஷயம் என்று நிறுவியிருந்தார். பவர்ஸ் அதை ஏற்கவில்லை. ஏற்காததற்குக் காரணம் சொல்லும் முன், வாதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அச்சுப் புத்தகத்தில் கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் எண்ணுவோம் என்றார். ஸீக்ஃப்ரீடு ஹெர்மலிங்க் என்ற இன்னொரு ஜெர்மானியர் 1960-ல் பலஸ்த்ரீனாவுக்குச் செய்து வைத்த வழியை எடுத்து விரித்தார்.

எண்ண வேண்டியது மூன்று. அன்றைக்கு ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிப் புத்தகம் அச்சிடுவார்கள். மேல்குரல் புத்தகத்தைத் திறந்து, முதல் வரியில், பி ஸ்வரத்தை அரைப்படி இறக்கும் பி-ஃபிளாட் குறி இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். இது முதல் அடையாளம். அதே வரியின் க்ளெஃப், அதாவது எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் தொடக்கக் குறி, எது என்று பாருங்கள். இது இரண்டாவது. பிறகு கீழ்க்குரல் புத்தகத்தை எடுத்து, கடைசி ஸ்வரம் எது என்று பாருங்கள். இது மூன்றாவது. முதல் இரண்டுக்கு இரண்டிரண்டு வாய்ப்பு, மூன்றாவதற்கு ஆறு. ஆகக் கணக்குப்படி 24 வகை. புழக்கத்தில் இருந்தவை அதைவிடக் குறைவு. (72-ம் 19-ம் ஞாபகம் வருகிறதா?) இந்த வகைகளுக்கு அவர் வைத்த பெயர் ‘டோனல் டைப்’, ஸ்வர அமைப்பு வகை என்று வைத்துக்கொள்ளலாம்.

க்ளெஃப் ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐந்து கோட்டுக்கு மேலேயும் கீழேயும் துணைக்கோடு போடுவதை அந்த அச்சுக்காரர்கள் கூடியமட்டும் தவிர்த்தார்கள். எனவே குரலின் எல்லை உயர்ந்தால், கோட்டைக் கூட்டாமல் க்ளெஃப்பை மாற்றினார்கள். மேல்குரலுக்கு முதல் கோட்டில் சி-க்ளெஃப் போட்டால் அடிக்கோடு நடு சி. இரண்டாம் கோட்டில் ஜி-க்ளெஃப் போட்டால் அடிக்கோடு ஈ. ஷட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்கு ஏறிய மாதிரி மொத்த எல்லையும் இரண்டு படி மேலே போகிறது. மற்றக் குரல்களும் கூடவே ஏறுகின்றன. ஆக, க்ளெஃப்பைப் பார்த்தாலே பாட்டு எந்த உயரத்தில் உலவுகிறது என்று தெரிந்துவிடும். இன்றைய பதிப்பை வைத்துக்கொண்டு இதைச் செய்யப் போனால் இங்கேதான் கோட்டைவிடுவோம். நவீனப் பதிப்பாளர்கள் பாடகர் வசதிக்காக எல்லாவற்றையும் இன்றைய க்ளெஃப்புக்கு மாற்றிவிடுவார்கள்; சிலர் சுருதியையும் இறக்கிவிடுவார்கள். நல்ல பதிப்பில் தொடக்கத்தில் பழைய க்ளெஃப்பைச் சின்னதாகக் காட்டியிருப்பார்கள். அதை மட்டும்தான் நம்பலாம். இன்னும் இரண்டு வழுக்கல் உண்டு. பாட்டு இரண்டு பகுதியாக இருந்தால் முதல் பகுதியின் முடிவை எடுக்கக் கூடாது, இரண்டாவதின் முடிவைத்தான் எடுக்க வேண்டும். இடையில் ஸ்வரத்தின் தலைக்கு மேல் பதிப்பாளர் போட்ட ஷார்ப், ஃபிளாட் எதையும் முதல் அடையாளத்தில் சேர்க்கக் கூடாது.

எண்ணி முடித்த பிறகுதான் மோட்டுக்கு வருகிறார். எட்டு மோட்களை வரிசையாகக் காட்டவே அமைத்த தொகுதிகள் அந்தக் காலத்தில் உண்டு. இத்தாலியக் கவி பெத்ரார்க்கின் கன்னிமேரிப் பாடலின் எட்டுக் கண்ணிகளை 1581-ல் பலஸ்த்ரீனா அப்படி அமைத்தார். லாஸோ ஏழு பச்சாதாப சங்கீதங்களுக்கு ஏழு மோட், கூடச் சேர்த்த துதிக்கு எட்டாவது என்று வைத்து 1584-ல் அச்சிட்டார். இவற்றில் வகையும் மோட்டும் எப்படிச் சேர்கின்றன என்று பார்த்தால், ஓரளவு ஒழுங்கு தெரிகிறது. பி-ஃபிளாட், உயர் க்ளெஃப், முடிவு ஜி என்றால் முதல் மோட். அதே குறி, அதே முடிவு, தாழ்ந்த க்ளெஃப் என்றால் இரண்டாவது. ஐந்து ஆறுக்கும், ஏழு எட்டுக்கும் இதே மாதிரி உயரத்தால் பிரிந்த ஜோடி. மூன்று நான்குக்கு வரும்போது ஒழுங்கு குலைகிறது. மூன்றாவதற்குச் சாஸ்திரம் சொல்லும் முடிவு ஈ. தொகுதிகளிலோ ஏ-யில் முடியும் பாட்டும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதே பாட்டை, 1547-ல் எட்டைப் பன்னிரண்டாக்கிய கிளேரியனின் கணக்கில் போட்டால் ஒன்பதோ பத்தோ ஆகிவிடும். பாட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. ஆனந்தபைரவி 20-ஆ 22-ஆ என்பதுபோலத்தான் இதுவும்.

வகை என்பது வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கக்கூடியது. மோட் என்பது அந்தச் சமூகம் தனக்குள் வைத்துக்கொண்ட பெயர். இந்தப் பிரிவினையை அவர் மொழியியலிலிருந்து எடுத்தார். தமிழில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். கடல், தங்கம், அகம் மூன்றிலும் வருவது ககரம். கருவி வைத்து அளந்தால் மூன்று வேறு ஒலி; தமிழ்க் காதுக்கு ஒரே எழுத்து. அளவு பொய்யல்ல, எழுத்தும் பொய்யல்ல. ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வதில்தான் தப்பு. பலகுரல் இசையில் இசையமைப்பாளர் உண்மையில் கையாண்டது வகையை. மோட் வேண்டும் என்று தோன்றியபோது, பொருத்தமான ஒரு வகையை அந்த மோட்டின் பிரதிநிதியாக நிறுத்தினார் என்பதே பவர்ஸின் முடிவு. 1992-ல் ‘மோட் நிஜமா?’ என்று தலைப்பே வைத்து இன்னும் காரமாக எழுதினார். 1525-ல் பியத்ரோ ஆரோன் என்ற இத்தாலியர், புழக்கத்தில் இருந்த பலகுரல் பாட்டுகளை டெனர் என்ற நடுக் குரலைப் பார்த்து எட்டு மோட்டுக்குள் அடக்கப் பட்ட பாட்டை வரிக்கு வரி எடுத்துக் காட்டினார். டி, ஈ, எஃப், ஜி என்ற நான்கு முடிவுகளுக்கு வெளியே போய் முடிந்த பாட்டுகளை உள்ளே இழுக்க ஆரோன் கையாளும் சாமர்த்தியங்களைப் படித்தால், நம் லட்சணகாரர்கள், தன் மேளத்தில் இல்லாத ஸ்வரமும் வரும் பாஷாங்க ராகத்துக்குச் சொல்லும் சமாதானங்கள் அப்படியே நினைவுக்கு வரும்.

இங்கே எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. பிரதிநிதி என்ற சொல்லால் பவர்ஸ் மோட்டின் பங்கைக் கொஞ்சம் அதிகமாகவே குறைத்துவிடுகிறார். பெட்டி வந்த பிறகு அது சும்மா இருப்பதில்லை; பாட்டை வரவழைக்கிறது. மகா வைத்தியநாதையர் 72 மேளத்தையும் ஒரே ராகமாலிகையில் கோத்தார். கோடீஸ்வர ஐயர் 72-க்கும் தமிழில் கிருதி செய்தார். அட்டவணை இல்லாவிட்டால் அந்த ராகங்களில் பலவற்றை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். தொட்டபின் சில ராகங்கள் உயிர்பெற்றுவிட்டன. பலஸ்த்ரீனாவின் எட்டுக் கண்ணிகளும் அந்த ஜாதி. மையர் பக்கத்தில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால், பட்டியலுக்காகப் பிறந்த பாட்டை வைத்துப் பட்டியலுக்கு முன்பே இருந்த பாட்டை விளக்கக் கூடாது என்ற இடத்தில் பவர்ஸை அசைக்க முடியாது. கோடீஸ்வர ஐயரின் கிருதியில் மேளம்தான் முதலில் வந்தது. பைரவி வர்ணத்தில் அப்படி இல்லை.

வெர்டி வீட்டு வழக்கம்

ஆப்பெராவுக்குப் போனபோதும் இதே கேள்வியைத்தான் தூக்கிக்கொண்டு போனார். பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலிய ஆப்பெரா இசையமைப்பாளர் வெர்டியை ஜெர்மானிய சிம்ஃபனியின் சாவி போட்டுத் திறக்கப் பார்த்த காலம் அது. இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை என்ன சுருதி, எங்கே திரும்புகிறது என்று வரைபடம் போடுவார்கள். பவர்ஸ் 1987-ல், வெர்டி காலத்துக்காரர் எதைக் காதில் வாங்கினார் என்று கேட்டார். 1859-ல் ஃப்ளாரன்ஸில் ஆப்ரமோ பாஸேவி எழுதிய வெர்டி நூலில், இரட்டையர் பாட்டின் ‘வழக்கமான வடிவம்’ என்று போகிற போக்கில் ஒரு சொல் விழுகிறது. அதைப் பிடித்துக்கொண்டார். வடிவம் இது: இருவரும் மாறி மாறிப் பேசி விஷயத்தைக் கிளப்பும் தொடக்கம்; காலம் நின்றுபோன மாதிரி இருவரும் உருகும் விளம்பம்; யாரோ வந்து, அல்லது ஒரு செய்தி வந்து, நிலைமை புரளும் இடைப்பகுதி; கடைசியில் துரிதகதியில் கபலெட்டா என்ற முடிவுப் பாட்டு. அரங்கில் உட்கார்ந்திருந்த இத்தாலியருக்கு, ஆலாபனை முடிந்ததும் தானம், தானம் முடிந்ததும் பல்லவி என்று நாம் நிமிர்ந்து உட்காருவோமே, அப்படி ஒரு முன்னறிவு இருந்தது. வெர்டி அந்த முன்னறிவின் மேல்தான் வேலை செய்தார்.

பாஸேவி அந்தச் சொல்லைச் சொன்ன இடமே அழகான இடம். வெர்டியின் ‘ரிகொலெட்டோ’வில் கொலைகாரன் ஸ்பாரஃபுசீலே இருட்டில் வந்து தன் தொழிலை விலை பேசுகிறான். அந்தக் காட்சியில் நான்கு பகுதியும் இல்லை, கபலெட்டாவும் இல்லை. அடக்கிய ஒலியில் ஒரு செல்லோவும் ஒரு டபுள் பாஸும் மெட்டைக் கொண்டுபோக, இரண்டு ஆண் குரல்கள் அதன்மேல் சாதாரணமாகப் பேசிக்கொள்கின்றன. வழக்கமான வடிவம் இல்லாமலும் பாட்டு எடுபடும் என்பதற்கு பாஸேவி இதைக் காட்டினார். இல்லாததைக் கவனிக்க முடிந்தது, இருக்க வேண்டியது எது என்று அவர் காதுக்குத் தெரிந்திருந்ததால். 1991-ல் வில்லியம் ஆஷ்புரூக்கோடு சேர்ந்து பவர்ஸ் எழுதிய ‘டூராண்டாட்’ நூலிலும் இதே வாதம் தொடர்கிறது. புச்சினி 1924-ல் முடிக்காமல் விட்டுப்போன அந்த ஆப்பெராவில், பழைய இத்தாலிய மரபின் பகுதிகள் இன்னும் தனித்தனியாக எண்ணக்கூடியபடி நிற்கின்றன. அந்தப் பெருமரபின் முடிவு அது என்கிறார்கள்.

மொழி பற்றிய 1980 கட்டுரையில் அவர் சொன்ன ஒன்று இதோடு சேர்கிறது. இசையும் மொழிபோலத்தான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இலக்கண மரம் வரையக் கிளம்பியவர்களைப் பார்த்து, எல்லா இசையும் ஒரே அளவுக்கு மொழிபோல இல்லை என்றார். இந்தியச் செவ்விசை அளவுக்கு மொழியை ஒத்த இசை மிகக் குறைவு. ராகம் தெரிந்தவர் எழுதி வைக்காமல் அதில் பேசுகிறார். கேட்பவர் தப்பைக் கண்டுபிடிக்கிறார். அங்கே பொருந்தும் கருவியை முன்கூட்டியே முழுசாக எழுதிவைத்த இசைக்குக் கொண்டுபோனால் அதே அளவு பொருந்தாது. மெட்ராஸில் இரண்டு ஆண்டு இருந்திராத ஒருவருக்கு இந்த வித்தியாசம் இவ்வளவு உறுதியாகப் பட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நம் ஏட்டுக்கு அந்த மூன்று அடையாளம்

பவர்ஸ் ஐரோப்பியருக்குச் செய்ததை நமக்கு நாமே செய்துகொள்ள ஏடு கையிலேயே இருக்கிறது. ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ ஸ்வரதாளக் குறிப்போடும், ஸ்வரத்தை அசைப்பதைக் காட்டும் கமகக் குறிகளோடும் அச்சான நூல். ஒரு ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பைரவியே இருக்கட்டும். மேலே போட்டிருக்கும் மேள எண்ணையும், ஏற்ற இறக்க வரிசையான மூர்ச்சனையையும் ஒரு காகிதத்தால் மூடிவிடுங்கள். ஒவ்வொரு கிருதிக்கும் ஒரு வரிசை: எந்த ஸ்வரத்தில் எடுக்கிறது, மிகத் தாழ்ந்த ஸ்வரம், மிக உயர்ந்த ஸ்வரம், ஒவ்வோர் அங்கமும் எதில் போய் நிற்கிறது. அடுத்து தைவதம் வரும் இடத்தையெல்லாம் முன் ஸ்வரம், பின் ஸ்வரத்தோடு எழுதுங்கள். ப த நி ஸ என்று ஏறும்போது வருவது ஒரு பத்தி. நி த ப என்று இறங்கும்போது வருவது இன்னொரு பத்தி. ப த ப என்று சும்மா தொட்டுத் திரும்புவது மூன்றாவது. சதுஸ்ருதியா சுத்தமா என்று ஏட்டில் அடையாளம் இருந்தால் குறியுங்கள். இல்லாத இடத்தில் நம் காதுக்குப் பழகியதைப் போட்டு நிரப்பாமல் காலியாகவே விடுங்கள். இங்கே அவசரப்பட்டு நிரப்பினால் மொத்த உழைப்பும் வீண். கமகக் குறியைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும், ஸ்வரத்தோடு சேர்த்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. பத்துக் கிருதி முடிந்ததும் ஆனந்தபைரவிக்கும் ரீதிகௌளைக்கும் இதையே செய்து மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிவையுங்கள். எண்ணை மூடியிருக்கும் காகிதத்தை அதற்கப்புறம் எடுக்கலாம்.